எட்டாம் கட்டம்

ருஸ்தாவியில் அந்தக் குளிர்காலம்
கரண்ட் விருந்தாளி மாதிரி வந்தது.
சொல்லாமல் வரும்.
தேநீர் கொதிப்பதற்குள் கிளம்பிவிடும்.

வந்ததும் ஒன்பது மாடியும் சேர்ந்து கத்தும்:
"வந்திருச்சு!"
பெரியவர்கள் ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும்
பாதியில் நின்ற ரொட்டிக்கும் ஓடுவார்கள்.
நாங்கள் கோச்சாவின் வீட்டுக்கு, நான்காம் மாடிக்கு,
எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று பாராமல்.

சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேட்ரிட்ஜ்.
மேலே 9999 ஆட்டங்கள் என்று அச்சு.
உள்ளே ஏழு.
மிச்சத்தை எண்ணிப் பார்த்துச் சண்டைபோட
முழு இரவு மின்சாரம் யார் வீட்டில் இருந்தது?

எங்களுக்குச் சுரங்கக்காரன்தான்.
நெற்றியில் விளக்கு, கையில் சுத்தியல், மூன்று உயிர்.
சேமித்துவைக்க வழியில்லை அதில்;
கரண்ட் போனால்
மறுபடி முதல் ஏணியின் முதல் படி.

கோச்சாவின் அக்கா நெஸ்தானுக்குப் பதின்மூன்று வயது.
விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை.
ஜனவரியில் ஒரு நாள்
அவள் ஏழாம் கட்டத்தை முடித்தாள்.
எட்டின் கதவு பாதி திறந்தது.
உள்ளே ஏதோ நீலமாக

அவ்வளவுதான்.
திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி,
எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அதுவும் செத்தது.
மேல்மாடியில் யாரோ
அரசாங்கத்தின் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.
மண்ணெண்ணெய் வாசம்.
கோச்சா மூக்கை உறிஞ்சினான், குளிரென்று சொன்னான்.

"யாரும் கையை எடுக்காதீங்க" என்றாள் நெஸ்தான்.
"கதவு திறந்தாச்சு. இடது பக்கம் ஏணி. ஏறு."

நாங்கள் நாலு பேர், கன்ட்ரோலர் இரண்டு.
வாஹோவுக்கு டிவி ரிமோட்,
எனக்கு ஒரு சோப்பு டப்பா.
"குழி வருது. தாவு!"
இருட்டில் நாலு 'டக்'.
காதால் பார்த்தே அவள் தீர்ப்புச் சொன்னாள்:
"நீ லேட். ஒரு உயிர் போச்சு."
தாவினேன் என்று நான் வாதாடினேன்,
இல்லாத குழிக்காக, ஒரு சோப்பு டப்பாவோடு,
தொண்டை அடைக்க.

அவள் சொன்ன எட்டில் பூதம் கிடையாது.
ஆழத்தில் ஒரு ரயில் நிலையம்,
எல்லா ஹீட்டரும் எரிகிறது.
சாவியைக் கவ்விக்கொண்டு ஒரு நாய்.
சூரியகாந்தி விதை விற்கும் ஒருத்தி,
ஒரு பொட்டலம் ஒரு உயிர்.
சாவியைத் துரத்தாமல் நான் ஒவ்வொரு இரவும்
விதை வாங்கியே செத்தேன்.

மார்ச்சில் கோச்சாவின் அப்பா பெட்டியைக் கொடுத்து
இருபது லிட்டர் மண்ணெண்ணெய் வாங்கினார்.
ஒரு கன்ட்ரோலரைக் கோச்சா சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.
வாங்க வந்தவர் எண்ணிப் பார்த்தார்,
ஒன்று குறைகிறது என்று தெரிந்தது,
வயரைச் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

போன வாரம், நாற்பத்தொரு வயதில்,
பேருந்து பணிமனையில் ஷிப்டு மாறும் நேரம்,
அந்த ஆட்டம் என் போனில் கிடைத்தது.
இப்போது எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம்,
சாவதற்கு ஒரு நொடி முன்புகூட.
அரை மணியில் ஏழைத் தாண்டினேன்.

எட்டு என்பது
முதல் கட்டமேதான்.
நீலச்சாயம் அடித்திருக்கிறார்கள்.
கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கிறார்கள்.
நாய் இல்லை.

நெஸ்தான் தெசலோனிக்கியில்
வேறு யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கிறாள்.
அவளுக்கு எழுதினேன்:
எட்டாம் கட்டத்தைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை அங்கே.

அவர்கள் தூங்கிய பிறகுதான் அவளுக்குப் போன்.
ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது:

"இடது பக்கம் ஏணின்னு சொன்னேனே.
நீ நேரா போயிருப்ப."

பிறகு இன்னொன்று:

"விதைக்காரி உன்னைக் கேட்டா."