காற்றுக்கும் சேர்த்து

ஜனவரியில் நாலாயிரத்து இருநூறு திர்ஹம்.
மார்ச்சில் ஐயாயிரத்துச் சொச்சம்.
இன்று காலை ஆறாயிரத்து எண்ணூறு என்று
மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறேன்
ஸ்பெயினிலிருந்து வந்த இரும்பு மனிதனுக்கு.
மனிதன் என்பது வாய்ப்பழக்கம்.
உள்ளே ஆள் கிடையாது.

அல் கூஸ் கிடங்கு, பதினேழாம் ஷட்டர்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
பெர்க்மான்ஸ் பெட்டியைப் பிரிக்கிறார்.
முழங்கால் சில்லு இரண்டு,
மார்த்தகடு,
யாரோ தாளில் சுற்றி அனுப்பிய முகமூடி.
"கப்பல்காரன் எடை பார்க்கமாட்டான் தம்பி,
எடத்தைத்தான் பார்ப்பான்."
இருபத்திரண்டு கிலோ இரும்புக்கு
ஒரு கன மீட்டர் கூலி.
நெஞ்சுக்கூட்டில் இருக்கும் காற்றுக்கும்
காலுறையில் இருக்கும் காற்றுக்கும்
சேர்த்தே கட்டியிருக்கிறோம்.
சத்வாவில் என் பெட் ஸ்பேஸ் வாடகையும்
இதே கணக்குதான்.
நான் படுக்காத நேரத்துக்கும் சேர்த்து.

பில்லில் புதிதாக ஒரு வரி:
போர் அபாயக் கட்டணம்.
கடலில் எங்கோ சுடுகிறார்கள் என்று
கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததாம்.
ஒரு சண்டையும் பார்க்காத கவசம்.
கீறலைக்கூடப் பட்டறையிலேயே போட்டு
அமிலம் தடவிப் பழசாக்கி அனுப்புகிறார்கள்.
அதற்குப் போய்ப் போர் பயம்,
முந்நூற்றுப் பதினைந்து டாலருக்கு.

சுங்கத்தில் ஒரு பையன், புது ஆள்,
ஆயுதமா என்று கேட்டான்.
அலங்காரம் என்றேன்.
போட்டுக்கொள்ளலாமா என்றான்.
கூடாது, தோள் பூட்டு சும்மா பேருக்கு,
கையைத் தூக்கினால் கழன்றுவிடும் என்றேன்.
அப்புறம் எதற்கு என்று அவன் கேட்டிருக்கலாம்.
சாப்பாட்டு நேரம்.
முத்திரை விழுந்தது.

அஜ்மான் பல் டாக்டர் லமீஸ்
போன வருஷம்வரை முழு ஆளாக வாங்குவார்.
இப்போது பாகம் பாகமாக.
ஏப்ரலில் தலை.
மே மாதம் கழுத்துப்பட்டை, நெஞ்சு.
ஜூனில் இடது கையுறை மட்டும்.
வலது கை, டாக்டர்?
பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டுச் சொல்கிறேன்.
அவர் கிளினிக்கில்
இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல்
கம்பியில் ஒருவர் நிற்கிறார்.
சொத்தைப் பல்லோடு வரும் பிள்ளைகள்
முகமூடியைத் தூக்கி
உள்ளே 'ஆ' என்று கத்துகிறார்களாம்.
அவரும் திரும்ப 'ஆ' என்கிறாராம்.

அந்த வலது கையுறை இங்கேதான் கிடக்கிறது,
என் மேசையில், பேப்பர் பறக்காமலிருக்க.
மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து
மாட்டிக்கொண்டு
விலைப்பட்டியலை அடித்து முடித்தேன்.
இரும்பு விரலுக்கு ஒரு சாவி தெரியாது.
எட்டைத் தொட்டால் ஒன்பதும் சேர்ந்து விழுந்தது.
கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்,
அறுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

அஞ்சரை மணிக்கு தோஹாவிலிருந்து ஒருவர்.
ஒரே ஒரு கேள்வி:
ஸ்டாண்டும் சேர்த்தா?
எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.
தவறு ஐயா, மன்னிக்கணும்,
வெறும் ஆறாயிரத்து எண்ணூறுதான் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, ரொம்ப மரியாதையாக,
அப்போ இது அசல் இல்லையா என்றார்.

பெர்க்மான்ஸ் எண்ணெய்த் துணியோடு வந்தார்.
கழட்டு அதை.
உன் வேர்வை பட்டால் துரு ஏறும்.
ஏறட்டுமே என்றேன்,
பழமைக்கு என்று இன்னொரு ஐந்நூறு போடலாம்.
அவர் சிரிக்கவில்லை.
கையுறையைக் கவிழ்த்து
உள்ளே துணியை விட்டு
ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்,
கட்டை விரலில் கொஞ்சம் அதிக நேரம்.