ரெண்டு பேரா போங்க

ஏழாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது.
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
நோயாளியோ உடன் வந்தவரோ
உங்கள் விருப்பமின்றித் தொட்டது எத்தனை முறை?
ஒருமுறையும் இல்லை. ஒருமுறை. சிலமுறை. அடிக்கடி.
நான்கு கட்டம். ஒன்றில் டிக்.

அளக்கத் தெரியாதவளா நான்?
பையில் இறங்கிய மூத்திரத்தை மில்லியில் எழுதுகிறவள்.
குளுக்கோஸ் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
காய்ச்சல், நாடி, மூச்சு,
வலி பத்துக்கு எத்தனை,
எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து உண்டு.
இதற்கு
எதை ஒன்று என்று வைப்பது?

கொண்டலாம்பட்டித் தறிக்காரர், பதினோரு நாள்,
ஊசி போடக் குனியும்போதெல்லாம் இடுப்பில் கை.
அது பதினொன்றா, ஒன்றா?
சூரமங்கலத்துப் பெரியவர், தலையில் அடிபட்டவர்,
என்னை வள்ளி வள்ளி என்று இழுத்துக்
கட்டிலில் சாய்த்துவிட்டார்.
இது எந்த வருடம் என்றே அவருக்குத் தெரியாது.
அதை எழுதினால் பாவம்.
எழுதாவிட்டால்
அன்றிரவு நான் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தது
எந்தக் கணக்கில் சேரும்?
போனை மார்புக்கு நேரே நீட்டிப் பிடித்தபடி
சிக்னல் பார்க்கிறேன் சிஸ்டர் என்ற பையன்
தொடவே இல்லை.
கேள்வி தொட்டதைத்தான் கேட்கிறது.

என் வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை.
தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும்,
பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்
கடைசி எண் மாறிவிடும்.
சாயங்காலம் பெருக்கிய குப்பையை
அங்கே யாரும் கொட்டுவதில்லை.
கால் துடைத்த சாக்கைக்கூட எரித்து
சாம்பலைக் கழுவி
வெள்ளி எடுப்பார்கள்.
எங்கள் ஆண்கள் வார்டில்
இத்தனை வருடம் பெருக்கித் தள்ளியதை
யார் கழுவிப் பார்த்தார்கள்?
பேஷண்ட்தானேம்மா, மனசுல வெச்சுக்காத
என்பார் இன்சார்ஜ் சிஸ்டர்.
அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆய்வுக்கு வந்த தமயந்தி
கட்டு மாற்றும் அறையில் இரும்பு ஸ்டூலில் காத்திருந்தாள்.
நல்ல பெண். அவசரப்படுத்தவில்லை.
ஜன்னலில் ஏற்காட்டுப் பாதை விளக்குகள்
கொண்டை ஊசிக்கு ஒன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

மாப்பை வாளியில் முக்கிக்கொண்டே செங்கமலம் கேட்டாள்:
எனக்குப் பேப்பர் இல்லியா கண்ணு?
தமயந்தி பட்டியலைப் புரட்டினாள்.
ஒப்பந்தப் பணியாளர்கள் இதில் வரலீங்கக்கா.
ஓ. அப்ப பெட்பேன் வைக்கிறது யாராம்?
சிரித்துவிட்டுத்தான் போனாள்.
வாளிச் சத்தம் வராந்தா முனை வரைக்கும் கேட்டது.

ஏழரைக்கு டியூட்டி மாற்றினோம்.
பகல் ஷிப்ட் அற்புதமேரி நோட்டைப் பார்த்து ஒப்பித்தாள்.
ஆறு, டியூப் எடுத்தாச்சு.
ஒன்பது, ரத்தம் ஒரு யூனிட் பாக்கி.
பதினாலு, ரெண்டு பேரா போங்க.
இருபது, சுகர் முந்நூத்திப் பத்து.
இருபத்தேழு, முப்பது, ரெண்டு பேரா போங்க.
முப்பத்தெட்டும்தான். அவரு தம்பி ராத்திரி தங்கறாரு.
சுகர் சொல்லும் அதே குரல்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
என்றைக்கும் கேட்டதில்லை.
நோட்டில் தேடினால்
பதினாலுக்கு நேரே 'நலம்' என்றிருக்கும்.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஏழாம் கேள்விக்கு:
இன்றிரவு ரெண்டு பேராகப் போக வேண்டிய கட்டில்கள் நான்கு.
மொத்தக் கட்டில் நாற்பத்திரண்டு.
டியூட்டியில் நானும் ஒரு பயிற்சி மாணவியும்.
செங்கமலத்தைச் சேர்த்துக்கொண்டால்
மூன்று பேர்.