ஆல்ட்டோவில் மூன்றாம் நாற்காலி

விதிமுறை ஒன்பது சொல்கிறது:
கேமரா பாடுபவர்கள் நடுவே அமரவேண்டும்.
நடத்துநரின் முகமும் இரு கைகளும் தெரியவேண்டும்.
நான்கு பாட்டு, இருபது நிமிடம்,
எங்கேயும் வெட்டக்கூடாது.
விண்ணப்பிப்பவருக்கு முப்பது நிறைந்திருக்கக்கூடாது.

குமேஷ்னிக்கு முப்பது நிறைய
இன்னும் பதினோரு நாள்.

மெரிபேங்க் சமூகக் கூடத்தில்
நாற்காலிகளை எண்ணினோம்.
சோப்ரானோவை அசைக்க முடியாது.
பேஸில் இருப்பதே நாலு பேர்,
அதில் லுங்கெலோவுக்கு ஏழு மணிக்கு ஷிப்ட்.
அவள் எல்லோரையும் பார்த்தாள்,
என்னைத் தவிர.
அதனால்தான் நான் எழுந்தேன்.

என் இடத்தில் முக்காலி நின்றது.
என் உயரத்துக்கு அதன் கழுத்தை இறக்கினேன்.
சோல்ஃபா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்து
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
பாடாமல் இருக்க யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை.

நடத்துநர் என்று தமிழில் சொன்னால்
டிக்கெட் கிழிப்பவர்தான் முதலில் வந்து நிற்கிறார்.
நிற்கட்டும்.
யார் எங்கே ஏறவேண்டும் என்று
இவளும் கண்ணால்தான் சொல்கிறாள்.
அன்று நான் இறங்கிக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மின்வெட்டு.
ஐந்துக்கே தொடங்கலாம் என்று கணக்குப் போட்டோம்;
கூடத்துச் சாவி வைத்திருந்த மிஸ்டர் ரங்கசாமி
திருமண வீட்டில் பந்தியில் இருந்தார்.
ஐந்து முப்பத்தாறு.
சன்னலுக்கு வெளியே எண்ணெய் ஆலையின் நாற்றம்.
நான் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் லத்தீன்.
அடுத்தது அவர்களே அனுப்பிய கட்டாயப் பாட்டு,
முட்களுக்கு நடுவே நடப்பதுபோல் நடந்து முடித்தோம் (முடித்தார்கள்).
மூன்றாவது ஸூலு, ங்கோபிலே எழுதியது.
அதற்கு அவள் கையை உயர்த்திய நொடியில்
தெற்கே போகும் ரயில் வந்தது.

கை இறங்கவில்லை.
இருபத்திமூன்று பேர் இழுத்த மூச்சை
மெல்ல விட்டு, மறுபடி இழுத்தார்கள்.
பெட்டி பெட்டியாகச் சன்னல் அதிர்ந்தது.
வெட்டக்கூடாது, வெட்டவும் முடியாது.
அவள் முகத்தில் எரிச்சல் இருக்கும் என்று
சின்னத் திரையில் தேடினேன்.
வாசலில் விருந்தாளி செருப்பைக் கழற்றும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளின் முகம்,
வேறொன்றும் இல்லை.
மூன்று வருடமாக அந்தக் கைகளைப் பார்த்துப் பாடியிருக்கிறேன்.
முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

கடைசிப் பெட்டியும் போனபின்
இன்னும் கொஞ்சம் பொறுத்து
கை விழுந்தது.

பதினேழாம் பாரில் ஆல்ட்டோ நுழையும்.
நான் எப்போதும் அரை நொடி தாமதம்.
அதற்காகவே கொஞ்சம் முன்னதாக என் பக்கம் திரும்பி
இடது சுண்டுவிரலை அசைப்பாள்,
மற்றவர்களுக்குத் தெரியாது.

அன்றும் திரும்பினாள்.
லென்ஸுக்குள் நேராகப் பார்த்து
சுண்டுவிரலை அசைத்தாள்.
முக்காலிக்குப் பின்னால் குந்தியிருந்த நான்
வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல்,
சரியான நேரத்தில் நுழைந்தேன்.

நாலாவது பாட்டு முடிந்து
கை தட்டலாமா என்று விழித்துக்கொண்டிருந்தபோது
விளக்கு போனது.

கைபேசி வெளிச்சத்தில் படிவம்.
பெயர், நாடு, பயிற்சி பெற்ற இடம்.
கடைசிக் கேள்விக்கு, நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கிடையே,
‘பள்ளிக்கூட வராந்தா’ என்று எழுதி
அழித்துவிட்டு, மறுபடி எழுதினாள்.
பாடகர்களின் எண்ணிக்கை: இருபத்திநான்கு.

இருபத்திமூன்று, என்றேன்.
வீடியோவில் எண்ணிப் பார்ப்பார்கள், என்றேன்.
அனுப்பு என்பதை அழுத்திவிட்டாள்.

நீலக் கோடு நகர்ந்தது, நின்றது,
நகர்ந்தது.
லுங்கெலோ ஷிப்டுக்குக் கிளம்பினான்,
தன்னிடம் மிச்சமிருந்த டேட்டாவை
எங்களுக்கு மாற்றிவிட்டு.