வல்லினம்

ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்:
வல்லினம் மார்பில், இடையினம் கழுத்தில்,
மெல்லினம் மூக்கில் பிறக்கும்.
எனக்கு எல்லா எழுத்துக்கும்
மூக்கில்தான் பிரசவம்.

பபிதா என்று பெயர் வைத்திருந்தார்கள்.
நான் சொன்னால் மமிநா.
லயத்துப் பிள்ளைகள் அப்படியே கூப்பிட்டார்கள்.
திரும்பிப் பார்த்தும் பழகிவிட்டேன்.

உதட்டை ஆறு மாதத்தில் தைத்தார்கள்,
அண்ணத்தை இருபத்திரண்டில்.
தைத்ததும் பேச்சு வந்துவிடும் என்று
அம்மா நேர்ந்துவிட்ட சேவல்
இன்னும் கூடைக்குள் கூவுகிறது,
க-வுக்கு மேல் க, ஒரு பிசிறில்லாமல்.

செவ்வாய்க்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரி.
நிலூஷி மிஸ் என் மூக்குக்குக் கீழே
சின்னக் கண்ணாடி பிடிக்கிறார்.
"பா சொல்லுங்க."
கண்ணாடியில் பனி ஏறுகிறது.
ஜன்னலுக்கு வெளியேயும் பனி,
அதை யாரும் துடைப்பதில்லை.

"மாவுக்கு வரலாம், நாவுக்கு வரலாம்.
பாவுக்கு வரக் கூடாது."
சிங்கள எழுத்தில் அவர் எழுதிவைத்த தமிழ்:
பட்டு, தப்பு, கப்பல்.
கப்பலை நான் கண்டதில்லை.
'பேர்' சேர்க்கச் சொல்லி எழுதிக் காட்டினேன்.
பெயரா, என்றார்.
இல்லை மிஸ்,
கொழுந்து கிலோ காணாவிட்டால்
அரைப் பேர் போடுவார்களே, அந்தப் பேர்.
இங்கே வருகிற செவ்வாய்களில்
அதுவும் இல்லை.

பேனையை வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்தார்.
பிறகு எழுதிக்கொண்டார்.

மூக்கைப் பொத்தினால் வருகிறது,
விட்டால் ஒழுகிவிடுகிறது.
பதினாலு வாரம்
மேசையில் பஞ்சை ஊதி ஊதி
அந்தப் பக்கம் தள்ளினேன்.

நேற்று பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டான், எங்க?
எழுதிய துண்டைத்தான் எப்போதும் நீட்டுவேன்.
துண்டு பையில் இருந்தது, பை மடியில் இருந்தது.

"பத்தனை."

ப உதட்டில் வெடித்தது.
த பாதி வழியில் ந ஆகிப்போனது.
அவன் முகத்தைப் பார்க்காமலே
கிழித்துத் தந்தான்,
எல்லாருக்கும் தருகிற மாதிரி.

பத்து ரூபாய் தரவில்லை.
கேட்பதென்றால் 'பாக்கி' என்று கேட்க வேண்டும்.
பா வரும்.
க்கி அடுத்த மாதம்தான் என்றிருக்கிறார் மிஸ்.
தலவாக்கலை தாண்டும்வரை
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.