கழித்தல் குறி

ஜெகதேவி குவாரிப் பதிவேட்டில்
வெடித்த நேரம் சரியாக ஒரு மணி.
நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டதும் அழுத்தினேன் என்கிறார்
வெடிக்காரர் திம்மராயன்,
இடது காது கேட்காதவர்.
என் கருவிகளோ
பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கே அதிர்ந்திருக்கின்றன.

வெடிக்கும் முன்பே வந்து சேர்ந்த அலை.
வேகம் என்ற கட்டத்தில்
கழித்தல் குறியோடு ஓர் எண்
என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பர்கூர் விடுதி அறையில் இரவெல்லாம்
கேபிளைச் சந்தேகித்தேன், பேட்டரியை,
செயற்கைக்கோளை,
நான் வாங்கிய பட்டத்தை.

பிறகு, புறப்பட்ட நேரத்தையே தூக்கிப் போட்டேன்.
எப்போது கிளம்பினாய் என்று அலையைக் கேட்க வேண்டாம்.
இங்கே எப்போது, அங்கே எப்போது,
அது போதும்.

இங்கே என்பது பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் பின்புறம்.
அங்கே என்பது மாந்தோப்பில் ஒரு மோட்டார் அறை.
தோப்புக்காரர் கேட்டிருந்தார்: "கீழ தண்ணி காட்டுதா?"
தண்ணீர் காட்டாது, ஆனால்
மூவாயிரம் கிலோமீட்டர் போனால் உருகிய இரும்பு இருக்கிறது,
பக்கவாட்டில் ஆடும் அலை அதற்குள் நுழையாது என்றேன்.
"அவ்ளோ ஆழத்துக்கு யாரு பைப்பு எறக்குறது"
என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

இடைவெளி பதினொன்று புள்ளி ஆறு கிலோமீட்டர்.
கடக்க இரண்டு நொடி.
நொடிக்கு ஐந்து புள்ளி எட்டு.
கருங்கல் ஓடவிடும் வேகம்தான்.
தூங்கிவிட்டேன்.

காலையில் அந்த வேகத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால்
குவாரி அலுவலகச் சுவர்க்கடிகாரம்
ஏழு நிமிடம், மூன்று புள்ளி மூன்று நொடி
முன்னால் நிற்கிறது.

நேரப் பிழை, திருத்தப்பட்டது என்று
அடிக்குறிப்பில் முடித்திருப்பேன்.
கல் சுமக்கும் பச்சியம்மா காதில் விழுந்துவிட்டது.
அந்தக் கடிகாரத்தில் ஏழு பத்து தாண்டினால்
அரைநாள் கூலி வெட்டு.
போன மாதம் அவருக்கு நான்கு தடவை.
சாயங்காலம் மட்டும் அது சரியாக ஓடும்.
மேஸ்திரியிடம் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

"கல்லுக்குள்ள போனதெல்லாம் எழுதறியே,
இதையும் ஒரு தாள்ல எழுது."
ஏழு நிமிடம் என்று எழுதி நிறுத்தியதும்
கையைப் பிடித்துக்கொண்டார்.
"அந்த மூணு புள்ளி மூணு?"

அதையும் எழுதினேன். தேதி, கையெழுத்து.
நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
தூசிக்குள் நடந்து
அலுவலகப் பக்கம் போனார்.

ஒரு மணிச் சங்கு ஊதியது.
மணி
பன்னிரண்டு ஐம்பத்துமூன்று.