நான்காவது பெட்டி

மே மாதம். பனி போய்ச் சேறு வந்திருந்தது மொங்டனுக்கு.
கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்,
குடிசனக் கணக்குப் படிவம் அனுப்பாத
வீடுகளின் பட்டியல்.

எல்லாக் கேள்வியும் வழுக்கிக்கொண்டு போகும்,
இது மட்டும் வாயில் இடறும்:
உரையாடும் அளவுக்கு
ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியுமா?
ஆங்கிலம் மட்டும். பிரெஞ்சு மட்டும்.
இரண்டும். இரண்டுமில்லை.
நாலு பெட்டி. ஒன்றைத்தான் தொடலாம்.

உரையாடலை நாங்கள் கதை என்போம்.
கதைக்கத் தெரியுமா என்று
எங்கள் ஆட்களில் யாரும் யாரையும் கேட்டதில்லை.
நிறுத்தத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

அல்ஃபே கோர்மியே
சவர நுரையோடு கதவைத் திறந்தார்.
காரைப் 'பார்க்கே' பண்ணினாராம்,
டயரைச் 'செக்கே' பண்ணினாராம்.
ஆங்கில வினைக்குப் பிரெஞ்சு வால்.
எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும்தான்
பார்க் பண்ணி, செக் பண்ணி, லேட் பண்ணி வாழ்கிறோம்.
'இது எந்தப் பெட்டி?' என்றார்.
'பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள், இரண்டுமில்லை.
வங்கிக்காரன் சொல்கிறான், இரண்டும்.'
நான் ஆலோசனை சொல்லக்கூடாது, விதி.
அவரே தொட்டார், இரண்டும்.
திரையில் ஒரு பொட்டு நுரை.

எதிர்வீட்டு டோனா, ஆங்கிலம் மட்டும்.
முப்பது வருடத் தாதி.
மற்ற மொழி இல்லையென்று
மேற்பார்வை வேலை கைவிட்டுப் போனவள்.
கதவைச் சாத்தும்போது 'மெர்சி' என்றாள்.
நன்றியா, குத்தலா?
அதற்குப் பெட்டி இல்லை.

மதியம் காருக்குள் இடியப்பம்.
முன்னால் பெட்டிக்கோடியாக் ஆறு,
பெயரிலேயே பெட்டி.
கடல் ஏறும் நேரம் அது பின்பக்கமாக ஓடும்.
பார்க்க இருந்தேன். நேரம் தப்பிவிட்டது.

அல்ஃபே வீட்டின் நிலவறையில் மரகதலிங்கம்.
கப்-பெலேயில் லொப்ஸ்டர் உடைக்கும் வேலை,
பதினொரு மாதம்.
'நாலாவதைப் போட்டால் விசாவுக்கு இடைஞ்சலோ?'
'இல்லை. உங்கள் பெயரோடு யாருக்கும் போகாது.'
'அப்ப ஏன் கேக்கினம்?'
பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சேவைகள் என்று
கையேட்டை வாசித்தேன்.
தலையாட்டினார், எனக்காக.

பிறகு விரல் மடித்தார்.
'ஷிஃப்ட். பிரேக். வீட் வீட். சொறி. பொஸ்.
நைஃப். ஐஸ். வொன்ட்ரடி...
பதினாலு சொல்லு. காணுமோ?'

காணுமா என்று நான் பார்ப்பதற்குள்
அல்ஃபே படியிறங்கி வந்தார், முகம் துடைத்தபடி.
'மாரா! மீன்?'
'மீன் டுமாரோ. மழை இஃப், நோ.'
மழையா என்று வானத்தைக் காட்டினார் அவர்,
'சொலெய்! சொலெய்!'
'சொலெய் பொய்' என்றார் இவர்.
'பொய்! டுஜூர் பொய்!'
வயிறு குலுங்கியது அல்ஃபேக்கு.
அந்தச் சொல் அவருக்கு முந்தியே தெரிந்திருந்தது.

ஏழு நிமிடம்.
தூண்டிலுக்கு இறால் வாங்கியது,
பொஸ்ஸுக்கு வந்த புதுத் தாடி,
அல்ஃபேயின் மகள் யாரையோ கட்டப்போவது, பிறகு
கட்டாமல் விட்டது.
கையால் பாதி, புருவத்தால் கொஞ்சம்.
பதினாலு சொல் அடிக்கடி சுற்றி வந்தது,
ஊர் பஸ் மாதிரி.

நான் நின்றேன்.
என் படிவத்தில் இரண்டும் என்று போட்டவள்.
பிரெஞ்சில் எனக்கு வழி கேட்கத் தெரியும்,
கோப்பி கேட்க, மன்னிப்புக் கேட்க.
கேலி பண்ண இதுவரை
ஒருத்தரும் வாய்க்கவில்லை.

'இப்ப சொல்லுங்கோ, கதைச்சதோ, இல்லையோ?'
'உங்கள் பதிலைத்தான் அண்ணை நான் எழுதலாம்.'
கொஞ்சம் யோசித்தார்.
லொப்ஸ்டர் முள் கீறிய விரலால்
நாலாவதைத் தொட்டார்.
'அரசாங்கக் கடதாசி. பிழையாச் சொல்லக்கூடாதெல்லோ.'

அவர் தோளுக்கு மேலால் எட்டி
அல்ஃபே திரையை வாசித்தார்.
'பொய்' என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
அது இரண்டு மொழியில்
நன்றி சொன்னது.