அரைக்காணிக்குக் கீழே

மே மாதக் கடைசி. கின்யாமெல் சந்தைக்குப் பின்னால்
தகரக் கிடங்கு உலைமூடியாய்க் கொதிக்கிறது.
வாசலில் மூட்டைகள், மூட்டைகள்மேல் பெண்கள்,
விரல்களில் பழச்சாற்றுக் கறை.

ஒரு கிலோ அள்ளித் தட்டில் கொட்டுகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு கொட்டைகள்.
ஒவ்வொன்றாய்ப் பிளக்கிறேன்:
வெள்ளை, வெள்ளை, பூஞ்சணம், வெள்ளை, புழு,
எண்ணெய் ஊறியது, வெள்ளை.
இதுதான் என் உத்தியோகம்.
சைகோன் போகும் கப்பலின் நாக்கு நான்.

எதிரில் கிந்தா தே.
கத்தியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்க்கிறாள்.
"நாற்பத்தாறு" என்கிறேன்.
"நாற்பத்தேழு.
நேற்றிரவு நானே வெட்டிப் பார்த்தேன்,
மீன் அறுக்கும் கத்தியால்.
நல்லதில் நாலைக் கெட்டதோடு தள்ளியிருக்கிறாய்.
தெரிந்தோ தெரியாமலோ,
எடுத்து இந்தப் பக்கம் வை."
வைத்தேன்.

விலை சொல்ல சாய்கோ வருகிறான்,
கைப்பேசி காதோடு ஒட்டியபடி.
வானொலி சொன்ன விலை ஒன்று, அவன் சொல்வது வேறு:
லாரி, சாக்கு, வழியில் ஆறு சோதனைச்சாவடி, ஈரம்.
மேற்கே இருண்டிருந்த வானத்தையும் காட்டி
அதற்கும் கொஞ்சம் கழித்தான்.
பணம் வேண்டாமென்றால் அரிசி,
மூன்று மூட்டைக்கு ஒன்று.

கப்பல் வெறும் வயிற்றோடு வருவதில்லை.
அரிசி இறக்கி, கொட்டை ஏற்றிப் போகிறது.
போனது எங்கோ ஓடு நீங்கி, உப்புத் தடவி,
வெள்ளித் தாளுக்குள் புகுந்து
பிஸாவ் விமான நிலையக் கடையில் வந்து நிற்கிறது,
பிறந்த ஊரில் வெளியூர்க்காரனாய்.

என் மொழியில் அவசரக்காரனை
முந்திரிக்கொட்டை என்பார்கள்,
பழத்துக்கு வெளியே தலைநீட்டுவதால்.
பழைய கணக்கில் அதே சொல் ஓர் எண்.
மா, காணி, அரைக்காணி, அதற்கும் கீழே முந்திரி:
ஒன்றை முந்நூற்றிருபதாய்ப் பகுத்ததில் ஒரு பங்கு.
வெள்ளித் தாளின் விலையில்
கிந்தாவுக்கு எத்தனை முந்திரி?
போட்டுப் பார்த்தேன்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பதினெட்டு மூட்டை கொண்டுவந்தவள்
பதினொன்றைத்தான் தராசில் ஏற்றினாள்.
ஏழு வண்டியிலேயே கிடந்தது.
"அது?" என்றான் சாய்கோ.
"அதற்கு அவசரமில்லை."

நாலு பெண்கள் சேர்ந்து வாங்கிய உடைப்பான்
அவள் வீட்டுப் பின்புறம் மாமரத்தடியில் நிற்கிறது.
கால் மிதித்தால் கை ஓடும்.
ஓட்டு எண்ணெய் பட்டு
அவள் தங்கை சப்பாவின் கட்டைவிரல் தோல் உரிந்திருக்கிறது;
கையுறை வாங்க இன்னும் காசு சேரவில்லை.
வெள்ளிக்கிழமை டக்கார் பஸ்
ஸிகின்ஷோரில் அரைமணி நேரம் நிற்குமாம்.
அதுவரை போய்ச் சேர்ந்தால் போதும் என்கிறாள்.

மறுநாள் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை
என் தட்டில் கொட்டினாள். வறுத்த பருப்பு, சூடு ஆறவில்லை.
தின்றேன். ஒன்று கருகிக் கசந்தது.
சொன்னேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டாள்:
"எத்தனைக்கு ஒன்று?"